இறங்காத சரக்கு

காலை ஆறரை மணிக்கு என் மனைவியின் போன் அடித்தால் யாரென்று பார்க்க வேண்டியதே இல்லை. என் மாமனார் தனகோடிதான். மழை பெய்தாலும் சரி, அவருக்கே காய்ச்சல் கண்டாலும் சரி, அந்த நேரம் தப்பாது.

"தேவிம்மா, இன்னிக்கு நாலு ஏறிக்குது."

"சரி நைனா."

"நேத்து ரெண்டு தான். முந்தாநேத்து ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு நாலு."

"சரி நைனா. காப்பி குடிச்சியா?"

"அதெல்லாம் ஆச்சு" என்று வைத்துவிடுவார். பக்கத்தில் படுத்திருக்கிற மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

ஏறியது தங்கமும் இல்லை, கோரா என்கிற கச்சாப் பட்டு நூலும் இல்லை. என் மனைவி தேவிப்ரியாவின் சைட்டேஷன். அவள் விஞ்ஞானி. வேலூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினம் போய் வருகிறாள். உடம்பில் கிருமி புகுந்தால் அதோடு மல்லுக்கு நிற்கிற செல்கள் இருக்கின்றன அல்லவா, அவை மூளைக்குள் போனால் என்ன ஆகிறது, ஞாபகசக்தியைக் காப்பாற்றுகின்றனவா கெடுக்கின்றனவா என்று எலிகளை வைத்துப் பார்ப்பது அவள் தொழில். பார்த்ததைக் கட்டுரையாக எழுதுவாள். அந்தக் கட்டுரையை உலகத்தின் எந்த மூலையிலாவது இன்னொரு விஞ்ஞானி தன் கட்டுரையில் பேர் சொல்லிக் காட்டினால், அது ஒரு சைட்டேஷன். யார் யாருக்கு எத்தனை, எந்தக் கட்டுரைக்கு எத்தனை என்று இன்டர்நெட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். தேவியின் பக்கத்தை அவள் பார்க்கிறாளோ இல்லையோ, கொசப்பாளையத்தில் இருக்கிற என் மாமனார் பல் விளக்குவதற்கு முன்னால் பார்த்துவிடுவார்.

அவர் பட்டு மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். காலையில் எழுந்ததும் விலை பார்த்தே பழகிய மனிதர். கோரா பட்டு என்ன, ஜரிகை என்ன, தங்கம் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் காலத்தில் வாய் திறப்பாராம். வியாபாரத்தை விட்டாலும் பழக்கம் விடவில்லை. மகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு, டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "மாப்ள, என் சர்வீஸ்ல ஏறினது அத்தினியும் ஒரு நாளைக்கு எறங்கிக்குது. எறங்காத சரக்குன்னா இது ஒண்ணு தான்."

நானும் காந்தி ரோட்டில் பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவன். அந்த வார்த்தையின் அருமை எனக்குத் தெரியும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் இவர் விஷயம் அது மட்டுமில்லை. தேவி பிஎச்.டி. சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் இவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், "தனகோடி, உன் பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்பார்கள். "ஆராய்ச்சி" என்பார். "இன்னா ஆராய்ச்சி?" என்பார்கள். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. "எலிக்கு ஊசி போடுதாம்பா" என்று எவனாவது எடுத்துக் கொடுப்பான், பந்தியே சிரிக்கும். இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவார். தேவியும் எத்தனையோ தரம் அவருக்கு விளக்கிப் பார்த்தாள். மூளை, செல், வீக்கம் என்று அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டிவிட்டு, "சாப்டியா?" என்று கேட்பார். அவள் வேலையில் அவர் கைக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் அந்த எண்தான். அது கிடைத்த பிறகு எந்தப் பந்தியிலும் அவர் வாய் மூடி உட்காரவில்லை.

போன மார்கழியில் அந்த எண் இரண்டாயிரத்தைத் தாண்டியது. மாமனார் டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே டீ குடித்த சம்பந்தம் எங்கள் பட்டு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். மைக்கைக் கண்டால் விடாத ஆள். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் தேவிக்குப் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டார். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே பேனரும் அடித்தாகிவிட்டது. 'உலக விஞ்ஞானிகளால் 2140 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஆரணியின் அறிவுச் சுடரே, வருக' என்று எழுதி, நடுவில் தேவியின் படம், அவள் தலைக்குப் பின்னால் நீலமாக ஒரு மூளை, கீழே சங்க நிர்வாகிகள் வரிசை. அதில் சம்பந்தத்தின் முகம் தேவியின் முகத்தைவிட ஒரு சுற்றுப் பெரிது. அந்தப் பேனரை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியவர் சம்பந்தம் அல்ல, என் மாமனார். ஒரே படத்தை மூன்று தரம் அனுப்பியிருந்தார்.

விழாவுக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் தேவி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். அப்படி வருகிற வழக்கம் இல்லை. வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பாயில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கிடந்த ஒரு சேலைத் துண்டின் ஓரத்து நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இது பட்டு தானான்னு சந்தேகம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"தனகோடி பொண்ணு கேக்கற கேள்வியா இது? நூலை இழுத்துக் கொளுத்திப் பாப்பேன். முடி கருகற நாத்தம் வரணும்."

"கம்பளி நூலைக் கொளுத்தினா?"

"அதுவும் அதே நாத்தம் தான் அடிக்கும்."

"அப்போ நாத்தத்தை மட்டும் வெச்சி கம்பளியைப் பட்டுன்னு ஒருத்தி எழுதிட்டா?"

"கடையை மூடிகினு போக வேண்டியது தான்."

"அதைத் தான் எழுதி வெச்சிக்கிறேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் எழுதியதிலேயே பெரிய கட்டுரை பதினோரு வருஷத்துக்கு முந்தியது. காய்ச்சலுக்குப் பிறகு மூளைக்குள் இன்ன வகைச் செல் நுழைகிறது, அது ஞாபகத்தைக் காக்கிறது என்று அதில் சொல்லியிருந்தாள். அந்தச் செல்லை அடையாளம் காட்ட ஒரு மருந்து இருக்கிறதாம். அது எந்தச் செல்லின் மேல் போய் ஒட்டுகிறதோ அந்தச் செல் பச்சையாக மின்னும். கம்பெனி விற்கிற புட்டிதான், உலகம் முழுக்க வாங்கிப் பயன்படுத்தியதுதான். இப்போது தேவியிடம் ஆராய்ச்சி செய்கிற சிவசங்கரி, தேவிகாபுரத்துப் பெண், அந்தப் பழைய சோதனையிலிருந்து தன் வேலையை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மருந்து ஒட்ட வேண்டிய பொருளே உடம்பில் இல்லாதபடி பிறக்கிற எலிகள் இப்போது கிடைக்கின்றனவாம். அந்த எலியின் மூளையில் அவள் மருந்தைப் போட்டாள். ஒன்றும் மின்னக் கூடாது. ஆனால் மூளை முழுக்கப் பச்சை. சிவசங்கரி தன் கைத் தப்பு என்று நினைத்து அழுதிருக்கிறாள். தேவி தானே உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறாள். திரும்பத் திரும்ப அதே பச்சைதான். மருந்து வேறு எதன் மேலோ ஒட்டியிருக்கிறது. தேவி பார்த்தது அவள் நினைத்த செல்லே இல்லை.

"புட்டில தப்பு. உன் மேல இன்னா தப்பு?" என்றேன். அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் நின்றிருந்தால் அன்றைக்கு நான் கை நீட்டியிருப்பேன்.

"என் மேல தப்பு இல்லைங்க. ஆனா என் பேர்ல இக்குது. அதை நம்பிகினு வெளிநாட்டுல நோயாளிங்களுக்கே வைத்தியம் பண்ணிப் பாக்கலாம்னு பேசிகினு இருக்காங்க. தெரிஞ்சப்பறம் சும்மா இருக்க முடியுமா? கட்டுரையை வாபஸ் வாங்கிக்கிறேன்னு மத்தியானமே அதைப் போட்ட பத்திரிகைக்கு எழுதிட்டேன்."

"அப்போ நம்பரு?"

"பாதிக்கு மேல அந்த ஒரு கட்டுரைக்கு வந்தது தான்."

கடைப் பையன்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். எனக்கு யோசனை ஒன்றுதான் வந்தது. வியாபாரி புத்தி. "ஞாயித்துக்கிழமை விழா முடியட்டும். அப்பால மெதுவா சொல்லிக்கலாம் உங்க நைனா கிட்ட" என்றேன்.

"அந்த நம்பரைத் தலைக்கு மேல மாட்டிகினு நான் எப்படி மேடையில உக்காருவேன்?" என்றாள். விரலில் சுற்றிய நூலை அவிழ்த்தாள். "பத்திரிகைக்கு எழுதறப்போ பயம் இல்லைங்க. டைரக்டரைப் பாத்து சொன்னேன், அப்பவும் ஒண்ணும் இல்ல. நைனா நாளையிலேந்து ஆறரைக்குப் போன் பண்ணாம விட்டுட்டா இன்னா பண்றதுன்னு தான் பஸ்ல வந்துகினே பயமா இருந்தது."

பேர் போன விஞ்ஞானி, கூட்டங்களில் வெள்ளைக்காரர்களோடு நேருக்கு நேர் வாதம் செய்கிறவள், அப்பாவின் போனுக்குப் பயந்துகொண்டு என் கடைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. "வா, இப்பவே போயி சொல்லிடலாம், நானும் வரேன்" என்று வண்டியை எடுத்தேன்.

கொசப்பாளையத்து வீட்டில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மாப்ள. தேவிம்மா, ஞாயித்துக்கிழமைக்கு எந்தச் சேலை? மாம்பழக் கலரு கட்டு, போட்டோல நல்லா விழும்" என்றார். மாமியார் கமலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜல்தியா கை கழுவிகினு வாங்க, இட்லி ஆறுது" என்றார்.

தேவி சுற்றி வளைக்கவில்லை. டிவியை நிறுத்திவிட்டு, எனக்குச் சொன்னது போலவே கம்பளி, பட்டு என்று சொன்னாள். ஆராய்ச்சி பற்றி அவள் சொன்னதில் என் மாமனாருக்கு முதல் தடவையாக முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதுதான் கொடுமை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"யாராச்சும் வந்து உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல நைனா."

"எவனாச்சும் கண்டுபிடிச்சானா?"

"சிவசங்கரிக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"அப்போ இன்னாத்துக்கு நீயே போயி ஊரைக் கூட்டற? சொம்மா இருந்தா தன்னால அடங்கிடும்."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே நைனா."

"நம்பருல எவ்ளோ பூடும்?"

"பாதிக்கு மேல."

மாமனார் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "பேனர் அடிச்சாச்சு. ஊரு பூரா சொல்லிட்டேன். தெனம் சொல்லிகினு இருந்தேன். இப்ப நான் அந்தக் கடையாண்ட எப்படிப் போயி நிக்கறது?"

"நைனா, அது என் நம்பரு."

"உன் நம்பரா? என்னிக்காச்சும் நீ அதைப் பாத்துக்கிறியா? தெனம் காலைல எழுந்து பாக்கறவன் நானு."

அவர் தன் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மாமியார் தட்டைக் கொண்டுவந்து மகள் கையில் வைத்தார். "நீ துன்னு. கட்டிகினு வந்த நாள்லேந்து என் பேரைக்கூட அந்த மனுஷன் இத்தினி தபா சொன்னதில்ல, அந்த நம்பரைத் தான் சொல்லிகினு இருந்தாரு. கொஞ்சம் பேஜாரா தான் இருக்கும். இருந்துட்டுப் போறாரு" என்றார்.

வியாழக்கிழமை ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. தேவி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் அடிக்கவில்லை. அவள் எழுந்து வழக்கம்போலக் குளித்தாள், டிபன் கட்டினாள், பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஆனால் ஆறரை மணிக்கு அவள் அசையாமல் படுத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தப் போன் என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று திட்டியவன் நான். அது அடித்துத் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது.

நடுவில் நான் சம்பந்தத்தைப் போய்ப் பார்த்தேன். விழா நடக்கட்டும், பேனரில் அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். "அடிச்ச பேனரை இன்னா பண்ணச் சொல்ற பாலு? நம்பரு இல்லன்னா அப்பறம் எதுக்குப் பாராட்டுன்னு ஜனங்க கேக்க மாட்டாங்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "உங்க படத்தை எடுத்துட்டா யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமியாருக்குப் போன் போட்டு, "பேசறாரா?" என்று கேட்டேன். "காலைல போனைத் தொறக்கறாரு, பாக்கறாரு, மூடறாரு. டீக்கடைக்கும் போவல. நான் போட்டுக் குடுக்கற டீ நல்லா இல்லன்னு மட்டும் சொல்றாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவி மாம்பழக் கலர் சேலையைத்தான் கட்டினாள். அரக்குக் கரை போட்டு எங்கள் கடைக்கென்றே நெய்த சேலை. கண்ணாடி முன்னால் நின்று, "மேடையில நானே சொல்லிடறேன். நைனா வரலைன்னாலும் பரவாயில்ல" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே எவ்வளவு பரவாயிருக்கிறது என்று தெரிந்தது. நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி நடித்தேன்.

மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பேனர் கட்டியிருந்தார்கள். சம்பந்தத்தின் பெரிய முகம், நீல மூளை, எல்லாம் இருந்தன. ஆனால் 2140 இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை நாலு பக்கமும் பழுப்பு நிற பார்சல் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தாளில் கறுப்பு மையில், கட்டை எழுத்தில் 812 என்று எழுதியிருந்தது.

அந்தக் கை எனக்குத் தெரியும். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ வருஷம் லாரிக்குப் போகிற மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதிய கை அது. எட்டின் மேல் சுழியைக் கொஞ்சம் சாய்த்துப் போடும்.

சம்பந்தம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா உங்க மாமனார் பண்ண வேலையை? காலங்காத்தால ஏணி எடுத்துகினு வந்து ஏறிட்டாரு. அந்த வயசுல விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? இன்னாயா இதுன்னு கேட்டா, கழிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. ஆயிரக்கணக்குல இருந்ததை நூத்துக்கணக்குல கொண்டாந்து உட்டா பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும்" என்றேன். மாமனாரை மட்டுமில்லை, சம்பந்தத்தைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தேவி பேனரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமனார் முன்வரிசையில், மாமியாருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

சம்பந்தம் மைக்கைப் பிடித்தார். தாளைப் பார்த்துப் படிக்கிற மனிதர். ஆரணியின் பெருமை, பட்டின் பெருமை, சங்கத்தின் பெருமை எல்லாம் முடிந்து தேவிக்கு வந்தார். "இன்று உலக விஞ்ஞானிகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது முறை நமது ஆரணி மகளை..." என்று ஆரம்பித்தார்.

"சம்பந்தம்" என்றது முன்வரிசை.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. என் மாமனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒண்ணைக் கழிச்சிட்டு சொல்லு."

"அண்ணே, விழா முடியட்டும்..."

"கழிச்சிட்டு சொல்லு சம்பந்தம். அந்தப் பேப்பரு தப்பாப் பூட்ச்சின்னு என் பொண்ணே கண்டுபிடிச்சி, யாரும் கேக்காம அதுவே சொல்லிடுச்சு. வெளியில எழுதிக்கிறேன் பாரு. அது தான் கணக்கு."

சம்பந்தம் தாளைப் பார்த்தார். சங்கத் தலைவரைப் பார்த்தார். கடைசியில், "எண்ணூற்றுப் பன்னிரண்டு முறை" என்றார். யாரோ பின்னாலிருந்து கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, தட்டினார்கள். மேடையில் தேவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அவள் பேசியது கொஞ்ச நேரம்தான். எந்தக் கட்டுரையில் என்ன தப்பு, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கம்பளிக் கதையைச் சொன்னாள். கண்டுபிடித்தது சிவசங்கரி என்று, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவளை எழுந்திருக்கச் சொன்னாள். பட்டு வியாபாரிகள் கூடிய இடம், ஆகையால் அவள் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தர் என் மாமனாரிடம், "பொண்ணு இன்னா பண்ணுதுன்னு இன்னிக்குத் தான்யா எனக்குப் புரிஞ்சுது" என்றார். "எனக்கும் தான்" என்றார் அவர், பாயசத்தைக் குடித்துக்கொண்டே. தேவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "வெயில்ல நிக்காத, வண்டில ஏறு" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. தேவி எடுப்பதற்குள் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"இன்னா தேவிம்மா, மூணு ஏறிக்குது?"

"சரி நைனா." அவள் குரல் உடைந்திருந்தது.

"இன்னா சரி? மூணும் அந்தப் பேப்பருக்கு ஏறிக்குது. அதான் வேணாம்னு சொல்லிட்டியே?"

"பத்திரிகைக்காரங்க விசாரிச்சி அறிவிக்கறதுக்கு மாசக்கணக்கா ஆவும் நைனா."

"அறிவிச்சா நின்னுடுமா?"

"சீக்கிரம் நிக்காது. பாக்காமயே எடுத்துப் போடறவங்க இருப்பாங்க."

"எறங்காத சரக்குன்னு நானே என் வாயால சொன்னேன்" என்றார். "காப்பி குடிச்சியா நைனா?" என்று தேவி கேட்டாள். "அதெல்லாம் ஆச்சு" என்று வைத்துவிட்டார். அவள் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்துக் கிடந்தாள். அன்றைக்கு அவள் வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டாள்.

இப்போது அந்தக் கட்டுரையின் மேல் வாபஸ் என்று சிவப்பு எழுத்தில் போட்டாகிவிட்டது. வெளிநாட்டு வைத்தியக்காரர்களும் திட்டத்தைக் கைவிட்டு, தேவிக்கு நன்றி சொன்னார்கள். ஆனாலும் அந்த எண் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பெல்லாம் ஏறவில்லை என்று கவலைப்பட்ட என் மாமனார், இப்போது ஏறினால் கொதிக்கிறார். "செவப்புல எழுதிக்குது, கண்ணு தெரியாதா அவனுங்களுக்கு? சாயம் போவுதுன்னு கடைக்காரனே சொல்றான், இவன் பில்லு போடுன்றான்" என்று காலங்காத்தால சத்தம் போடுவார். யார் யாரென்று பார்த்து எழுதிப் போடச் சொல்லித் தேவியை நச்சரிக்கிறார். அவளும் முடிந்தபோது எழுதுகிறாள். டீக்கடையில் அவர் சொல்வது கழித்த எண்தான். யாராவது பழைய பேனரை ஞாபகப்படுத்தினால், அதை ஏன் கழித்தோம் என்று கம்பளியிலிருந்து ஆரம்பிக்கிறார். டீ ஆறிப் போகிறதாம்.

போன வாரம் ஒரு நாள் போன் வந்தது. வழக்கமான கொதிப்பு இல்லை. குரல் தணிந்திருந்தது.

"தேவிம்மா, அந்தப் பொண்ணும் நீயும் புதுசா எழுதினீங்களே, அந்த மருந்து தப்புன்னு. அதுக்கு ஒண்ணு ஏறிக்குது."

"ஆமா நைனா, மொத ஆளு."

"யாரு அது?"

"ஜப்பான்ல ஒருத்தரு. எனக்கு அவரைத் தெரியாது."

"நல்ல மனுஷனா இருப்பான்" என்றார். பிறகு, ஆச்சரியத்திலும் ஆச்சரியமாக, "மாப்ள எழுந்துட்டாரா?" என்று கேட்டார்.